புதைனா என்பது என் அக்காவின் பெயர்

இந்த நினைவு மலரில் எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். என் படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்தது. அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறேன். பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர் எழுதுவதையும் லீவு லெட்டரையும் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசவும் வராது. அக்காவின் புகுந்த வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது தங்கை முந்திக்கொண்டு எழுதுவது முறையில்லை என்றும் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நினைவு மலரில் இறந்தவரின் பெயர் அட்டையில் மட்டும் வரும், உள்ளே அம்மா, அக்கா, அத்தை என்றுதான் எழுத வேண்டும் என்பது நம் வழக்கம். அந்த வழக்கப்படி நானும் அக்கா என்றே எழுதுகிறேன். ஆனால் அட்டையில் வரும் அந்த ஒரே பெயர் சரியாக வர வேண்டும். இந்த மலரில் நான் கேட்பது அது ஒன்றுதான்.

அக்கா செலியமேட்டில் பிறந்தார். அப்போது அப்பா ஊரில் இல்லை. அரபு நாட்டில் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் வேலைக்குப் போயிருந்தார். இங்கே அடுத்தவர் நிலத்தில் நாற்று முடி தூக்கியவர், அங்கே அடுத்தவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சினார். பெண் பிறந்த செய்தி போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து கடிதம் வந்தது. "குழந்தைக்குப் புதைனா என்று பெயர் வை. கல்லில்லாமல் மெத்தென்று இருக்கிற சமமான நிலம் என்று அர்த்தம். நமக்குத்தான் நிலமில்லை. பெண்ணின் பேராவது நிலமாக இருக்கட்டும்."

அது அந்தத் தோட்ட முதலாளியின் மனைவி பெயர். அப்பாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அங்கே யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. சிலர் இந்தியாக்காரன் என்ற பொருளில் 'ஹிந்தி' என்றார்கள், சிலர் தோழன் என்ற பொருளில் 'ரஃபீக்' என்றார்கள். அந்த அம்மா மட்டும் பத்து நாள் சொல்லிப் பழகி ழகரத்தைப் பிடித்துவிட்டாராம். "அந்த நாட்டுல என்னை என் பேரச் சொல்லிக் கூப்ட்ட ஒரே ஆளு அவங்கதான்டி" என்று அப்பா எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அம்மா அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்ப் பிறப்பைப் பதிந்தார். அங்கே இருந்த எழுத்தர் பழைய ஆள். ஆங்கிலத்தில் எழுதும்போது பிரெஞ்சு முறையில் 'பு'வுக்கு ஓ, யூ இரண்டும் போட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. என் அக்காவின் பெயரைக் கேள்வி கேட்காமல் எழுதிய கடைசி மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே வாத்தியார், "இது பாய் வூட்டுப் பேராச்சே, உனக்கு எப்பிடி வந்துது?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அன்று முதல் அக்கா புதினா ஆனார். பையன்கள் தெருவில் நின்று, "புதினா, கட்டு இன்னா வெலை?" என்று கத்துவார்கள். நானாக இருந்தால் அழுதுகொண்டே ஓடியிருப்பேன். அக்கா நின்று பதில் சொல்வார்.

"ஒனக்குச் சும்மாவே தரேன்டா. தொவையல் அரைச்சித் தின்னு. வாய் நாத்தமாவது போவும்."

வீட்டுக்கு வந்து அப்பாவின் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படிப்பார். அழுது நான் பார்த்ததில்லை. "ஏன்க்கா, வேற பேரு வெச்சிக்கியேன்" என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "உன் பேருக்கு இன்னாடி அர்த்தம்? தெரியாதில்ல? எனக்குத் தெரியும்" என்றார்.

அக்காவைச் சோரியாங்குப்பத்தில் கொடுத்தோம். மாமா கரும்பு லாரி ஓட்டினார். தங்கமான மனிதர். ஆனால் அவருடைய அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர். அந்த அண்ணனைத்தான் நாங்கள் பெரிய மாமா என்று அழைப்போம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது பெரிய மாமா வந்து உட்கார்ந்தார்.

"பேர்லயே பொதைன்னு வருது. மங்கள காரியத்துக்கு இதப் போடறதா? ஊரே சிரிக்கும்பா. புவனேஸ்வரின்னு போட்டுடு. கூப்பிட புவனா. முடிஞ்சிது."

அப்பா ஊர் திரும்பிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் எதிரில்தான் நின்றார். பெண்ணைக் கொடுக்கிற இடம் என்று தலையை ஆட்டினார். இப்போது அப்பாவும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், அன்று அவர் பேசியிருக்க வேண்டும்.

புகுந்த வீட்டில் அக்கா நாற்று நட்டார், கரும்புக்குச் சோகை உரித்தார், மாமியாரைப் படுக்கையில் மூன்று வருடம் பார்த்தார். குழந்தை இல்லை. அதற்கும் பெயர்தான் காரணம் என்றார்கள். "வயித்துல வந்ததெல்லாம் பேரு பொதைச்சிடுச்சி" என்று ஒருத்தி என் காது படவே சொன்னாள். சிவப்பு ரேஷன் கார்டில் பெரிய மாமா புவனேஸ்வரி என்று எழுதி வைத்தார். ஆதார் எடுக்கும் காலம் வந்தபோது அக்கா யாரிடமும் சொல்லாமல் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பாகூருக்குப் போய்ப் புதைனா என்று பதிந்துவிட்டு வந்தார். அப்படியாகக் காகிதத்தில் அக்கா இரண்டு பேராக ஆனார்.

எங்கள் அங்கன்வாடியில் இப்போது வருகிற பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டுப்பாருங்கள். தன்விகா, யஷ்மிதா, ரித்திக்‌ஷா. என்ன அர்த்தம் என்று கேட்டால், "நெட்ல பாத்து வெச்சோம்க்கா" என்கிறார்கள். எண் ஜோசியம் பார்த்து நடுவில் ஓர் எழுத்து கூடச் சேர்க்கிறார்கள். அதை எழுதும்போது யாரும் சிரிப்பதில்லை. எந்த வாத்தியாரும் எழுந்து, "இது யார் வூட்டுப் பேரு?" என்று கேட்பதில்லை. அர்த்தம் தெரிந்து, கடல் தாண்டி இருந்த ஒரு மனிதர் யோசித்து எழுதி அனுப்பிய பெயருக்குத்தான் நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கு ஆதாரும் ரேஷன் கார்டும் கேட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது வேற ஆளு, அது வேற ஆளும்மா" என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னார், "சரி சார், ரெண்டு ஆளாவே இருக்கட்டும். யாராவது ஒருத்திக்கு வைத்தியம் பாருங்க." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான் என்று திருப்பி அனுப்பினார்.

பெரிய மாமாவிடம் போனோம். கார்டு அவர் பொறுப்பில் இருந்தது. "ஆதார்ல புவனேஸ்வரின்னு மாத்திக்கச் சொல்லு. சுலபமா போயிடும்" என்றார். அக்கா, "தப்பு எதுல இருக்குதோ அதுல மாத்துங்க" என்றார். கார்டைத் திருத்தும் மனுவில் அவர் கையெழுத்துப் போடவில்லை. இவர் இறங்கவில்லை. இடையில் ஒன்பது நாள் போனது. கடைசியில் மாமா முதல்முறையாக அண்ணனிடம் சத்தம் போட்டு, வக்கீலிடம் போய், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று எழுதி வாங்கி வந்தார்.

அக்கா பிடிவாதம் பிடித்ததால்தான் நாள் போனது என்று இன்றும் பேசுகிறீர்கள். அந்த ஒன்பது நாளால்தான் அக்கா போனார் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகு நாலு மாதம் இருந்தார். ஆனால் வலியில் இருந்த ஒருவரிடம், பெற்றவர் வைத்த பெயரை விட்டுக்கொடுத்தால்தான் வைத்தியம் என்று சொன்னவரை விட்டுவிட்டு, கொடுக்க மறுத்தவரைப் பிடிவாதக்காரி என்கிறீர்களே, அது எந்த ஊர் நியாயம்?

அக்கா இறந்த அன்று தவளக்குப்பம் சந்திப்பில் பெரிய பேனர் வைத்தார்கள். கண்ணீர் அஞ்சலி, புவனேஸ்வரி அம்மாள். படம் அக்காவுடையது. பந்தலில் உட்கார்ந்து பெரிய மாமா பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார், "பேர்லயே பொதை இருந்தா எப்பிடிப்பா உசுரு நிக்கும்? நான் அன்னிக்கே மாத்தினேன். அவ கேட்டாளா?" நான் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் டீ தட்டு இருந்தது. அவருக்கு டீ கொடுத்தேன். அடுத்தவருக்குக் கொடுக்கப் போனேன். அப்பாவைச் சொன்னேனே, நானும் அவர் பெண்தான்.

காரியம் முடிந்த பிறகு வில்லியனூரில் ஒரு பள்ளிவாசல் வாசலில் போய் நின்றேன். உள்ளே போகத் தயக்கம். வெளியே வந்த, தொழுகை நடத்தும் ஹஜ்ரத் ஐயாவே, "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். ஒரு பெயருக்கு அர்த்தம் கேட்க வந்தேன் என்றேன். புதைனா என்று நான் சொன்னதும் இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் அரபியில் எழுதிக் காட்டினார்.

"நம்ம பக்கம் இத புஸைனான்னு எழுதுவோம்மா. அரபுக்காரங்க நாக்கு நுனிய பல்லு நடுவுல வெச்சி சொல்லுவாங்க. உங்கப்பா காதுக்கு அது த-ன்னு விழுந்திருக்கு. ரெண்டுமே சரிதான்."

அர்த்தம் அப்பா எழுதியதேதான். மெத்தென்ற, சமமான, விளைகிற மண். அதையும் செல்லமாக, சின்னதாக்கிச் சொல்கிற சொல்லாம். அரபிகளிடம் மிகப் பழைய பெயர், அவர்களுடைய பழங்காலக் கவிதையிலும் வரும் என்றார். அந்த நாடுகளில் இன்றும் வைக்கிறார்களாம், ஆனால் நம் பக்கம் அபூர்வம். "எங்க ஜமாஅத்துல பாத்திமான்னு கூப்ட்டா பத்துப் பேரு திரும்புவாங்க. இந்தப் பேர நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்று சிரித்தார்.

புதைக்கிற அர்த்தம் அதில் எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். அந்தக் காகிதத்திலேயே அர்த்தத்தைத் தமிழில் எழுதி என்னிடம் கொடுத்தார்.

"அரபியில கிடையாதும்மா. அது கேக்கறவங்க காதுல இருக்கு."

அந்தக் காகிதத்தை இந்த மலரை அடிக்கும் தவளக்குப்பம் அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். மலரை அடிக்கும் பொறுப்பை மாமா என்னிடம் ஒப்படைத்திருந்தார். அச்சகக்காரர் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்து, "இன்னாம்மா, எழுத்துப் பிழையா?" என்று கேட்டார். இல்லை, அப்படியே போடுங்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே புதைனா என்று திரையில் வந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். நேரம் பார்க்காமல் ஆட்டோ எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நன்றி. வார்டில் தினமும், "புதைனாம்மா, சாப்ட்டீங்களா?" என்று பெயர் சொல்லிக் கேட்ட நர்ஸ் அம்மாவுக்கு நன்றி. அர்த்தம் எழுதிக் கொடுத்த ஹஜ்ரத் ஐயாவுக்கு நன்றி. அண்ணனிடம் ஒரு முறையாவது சத்தம் போட்ட மாமாவுக்கு நன்றி. பந்தலுக்கு வந்தவர்களுக்கும், மாலை போட்டவர்களுக்கும், சாப்பிட்டுப் போனவர்களுக்கும் நன்றி. என் அக்காவுக்கு வேறு பெயர் வைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை. விட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தேன். மறுநாள் காலை பெரிய மாமா அங்கே போய், அட்டையில் புவனேஸ்வரி என்று மாற்றச் சொல்லியிருக்கிறார். மாற்றி, அட்டை முழுவதையும் அடித்துவிட்டார்கள். உள்ளே இருப்பதை அவர் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை. இந்தப் பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று அச்சகக்காரர் போனில் சொன்னார். வழக்கம் போகட்டும் என்று இந்தப் பின்குறிப்பையும், மேலே இருக்கிற தலைப்பையும் சேர்த்து அடிக்கச் சொன்னேன்.