தவளைவாயனும் பதினான்கு கத்திகளும்

கேகாலை பஜாரில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். வீட்டு வாசலில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் மழைக்காடு. இருந்தும் நாற்பத்தோரு வயது வரை அதற்குள் கால் வைத்ததில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அட்டைப் பயம்.

இப்போது கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் வேலை. இரண்டு வருடமாகப் பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. கொழும்புக் குளங்களில் நிற்கும் கொக்கு, நாரையையெல்லாம் பார்த்து அலுத்த பிறகு, தவளைவாயனைப் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். பகல் முழுவதும் காய்ந்த சருகு போலக் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை அது. ஆணும் பெண்ணும் ஒட்டி ஒட்டி உட்காரும். கண் முன்னால் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. தெரணியகலைக்கு மேலே, தோட்டத்துப் பெண்கள் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் விடுதிக்குப் போனால் கட்டாயம் பார்க்கலாம் என்று ஒரு தோழி சொன்னாள். பெப்ரவரியில் ஒரு வார இறுதியோடு திங்கட்கிழமை லீவையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 5.50க்குப் புறக்கோட்டையில் அவிசாவளை பஸ். இரண்டு மணி நேரம், 240 ரூபாய். அங்கே ஒரு பிளேன்டீயும் பருப்பு வடையும். 8.30க்குத் தெரணியகலை பஸ். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளின் புண்ணியத்தில் ஒன்றேகால் மணி நேரமாகும். 150 ரூபாய். வலது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வழியெல்லாம் ரப்பர் தோட்டம் பார்க்கலாம். எனக்குக் கிடைத்தது ஒரு பெரியவரின் பலாப்பழ மூட்டைக்குப் பக்கத்து இடம். வாசனைக்குக் குறைவில்லை.

பஸ் நிலையத்தில் சுகந்தி காத்திருந்தாள். விடுதியின் வழிகாட்டி அவள்தான். முப்பத்திரண்டு வயது. விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் விருந்தாளிகளைக் காட்டுக்குள் கூட்டிப் போகிறாள். அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, விடுதிக்கு அரிசி, கருவாடு எல்லாம் வாங்க டவுனுக்கு வந்திருந்தாள். கடைகளில் வாங்கி முடித்ததும் சாமான்களோடு என்னையும் த்ரீவீலரில் ஏற்றினாள். ஒன்பது கிலோமீட்டர், 1,500 ரூபாய், கடைசி மூன்று கிலோமீட்டர் இடுப்பைக் கழற்றும் பாதை.

டிரைவர் சிங்களவர். ஏறியதும் சுகந்தியிடம் கேட்ட முதல் கேள்வியே, "நங்கி, குருல்லா இன்னவாத?" தங்கச்சி, பறவை இருக்கிறதா என்று. ஊருக்கே அந்தப் பறவை சொந்தக்காரன் மாதிரி.

"ஒரு வருசமா அதே எடம் மிஸ்," என்றாள் சுகந்தி. "வெறகு பொறுக்கப் போனப்ப நான்தான் மொதல்ல பாத்தேன். பாதையோரமா மூங்கி பொதரு இருக்கு, அதுக்குள்ள ரெண்டும் ஒக்காந்திருக்கும். நாளைக்கி பத்து மணிக்கு டூர் கம்பெனி மாத்தியா ஒருத்தரு கொழும்புலேருந்து வர்றாரு. அவரு கண்ணால பாத்துட்டா சீசன் முழுக்க ஆள் அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு."

மாத்தியா என்றால் ஐயா. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பார்க்காவிட்டால்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசத்துல நாலு பேருதான் வந்தீங்க மிஸ். குவைத்துக்கு வேலைக்கு போக பேப்பரெல்லாம் ரெடியா இருக்கு. மாசக் கடைசியில மெடிக்கல். மகளுக்கு எட்டு வயசு, அவ அப்பா எங்களோட இல்ல." அரிசி மூட்டையைக் கால்களுக்கு நடுவில் இழுத்து வைத்துக்கொண்டாள். "குருவி இருக்குற வரைக்கும் நானும் இருப்பேன்."

அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பறவை வெறுமனே என் பட்டியலில் சேர வேண்டிய ஒன்றாக மட்டும் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு இறங்கினோம். தோட்டத்தின் மேல் பிரிவை நிர்வாகம் கைவிட்ட பிறகு, பூட்டிக் கிடந்த கணக்கப்பிள்ளை வீட்டைக் கேட்டு வாங்கி விடுதியாக்கியிருக்கிறார்கள். நான்கு அறைகள். மேற்பார்வை பார்த்த கணக்கப்பிள்ளை இருந்த காலத்தில் வாசற்படி தாண்டாத பெண்களின் இடுப்பில் இன்று அந்த வீட்டுச் சாவி தொங்குகிறது. எனக்கு அதைப் பார்த்ததுமே அந்த இடம் பிடித்துப்போயிற்று.

வாசலில் பாக்கியம் அக்கா நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணியாக இருந்தவர். இப்போது விடுதிச் சங்கத்தின் தலைவி. முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மிஸ், வாங்க! சுகந்தி, பாதைய வந்து பாரு!"

பார்த்தோம். விடுதியிலிருந்து காட்டோரம் வரை பாதையின் இரண்டு பக்கமும் பத்தடி அகலத்துக்கு ஒரு புல் இல்லை. வழித்து எடுத்திருந்தார்கள். ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு வேறு. சுகந்தி டவுனுக்குப் போன நேரத்தில் மற்றப் பதினான்கு பேரும் கத்தியும் மண்வெட்டியுமாக இறங்கி, நாங்கள் வருவதற்குள் முடித்திருக்கிறார்கள். தோட்டத்துக்குப் பெரிய துரை வருகிறார் என்றால் முதல் நாளே வழியெல்லாம் துப்புரவாக இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பழகிய மரியாதை அது. ஒரு களை கண்ணில் பட்டால் கங்காணிக்கு அவமானம். வரப்போகிறவர் துரை இல்லை, பறவை பார்க்கிறவர் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வெட்டிய மூங்கில் ஒரு பக்கம் அழகாகக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது.

சுகந்தி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, அந்தப் பொதருலதானே அது இருந்துச்சு…"

பாக்கியம் அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அந்தச் சிரிப்பு போன வேகத்தை நான் மறக்க மாட்டேன். "எங்களுக்குக் காட்டுன எடம் இதாடி? எல்லாம் ஒரே காடாத்தானே இருந்துச்சு," என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாடு அருமை: சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, கருவாட்டுப் பிரட்டல், கடைசியில் தயிரும் கித்துல் மரத்துப் பாணியும். யாருக்கும் இறங்கவில்லை. எனக்கு மட்டும் இறங்கியது, அதை மறைப்பானேன். மூன்று மணிக்கு மழை பிடித்தது. விட்டதும் சுகந்தி தனியாகக் காட்டோரம் போய் இருட்டும் முன் திரும்பினாள். கையை விரித்தாள். பாக்கியம் அக்கா சாப்பிடவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே தண்டவாளத் துண்டைத் தட்டும் சத்தம். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு அழைக்கும் சத்தம் அது. எழுந்து ஓடினேன். பெண்கள் எல்லாரும் வரிசையாக நிற்க, பாக்கியம் அக்கா பழைய கங்காணிக் குரலில் பேசினார்.

"யாரும் கத்தி எடுக்கப்படாது. கொழுந்து எடுக்குற மாதிரியே ஆளுக்கொரு நெர. கைய வைக்க வேணாம், கண்ண மட்டும் வையுங்க. பாத்தா கைய தூக்குங்க. வாய தெறந்தீங்க, எனக்கு கெட்ட கோவம் வரும்." என் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸுக்கு கடைசி நெர."

நிர்வாகம் கைவிட்ட தேயிலை மலைதான் காட்டுக்கும் விடுதிக்கும் நடுவில் கிடக்கிறது. கவாத்து இல்லாமல் விட்டதால் இடுப்பளவுச் செடியெல்லாம் இருபதடி மரமாகிவிட்டது. அதற்குள் ஆளுக்கொரு நிரை பிடித்து, கைக்கெட்டும் தூரத்தில், அடிமேல் அடி வைத்து நடந்தோம். வாழ்நாள் முழுவதும் பேசிக்கொண்டே கொழுந்து பறித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு நடப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏழரை மணிக்குள் என் காலில் ஒன்பது அட்டைகள். கத்தினால் பாக்கியம் அக்காவுக்குக் கெட்ட கோபம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒன்பது மணியாகியும் ஒன்றும் இல்லை. சுகந்தி எனக்கு இரண்டு நிரை தள்ளி நடந்தாள். மேலே பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்குப் பக்கத்து நிரை பாக்கியம் அக்காவுடையது. அதனால் நடந்ததை முழுவதும் பார்த்தேன். ஒரு தேயிலை மரத்தில், தலைக்குச் சற்று மேலே, காய்ந்த முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த குச்சியைக் கண்டால் ஒடித்துப் போடுவது கொழுந்துக்காரர்களின் கைப்பழக்கம். அவர் கை தானாக மேலே போனது. விரலுக்கும் குச்சிக்கும் ஒரு முழம்கூட இல்லை. குச்சி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது.

மஞ்சள் கண். அதற்குப் பக்கத்தில் செம்பழுப்பில் இன்னொரு குச்சி.

பாக்கியம் அக்கா தூக்கிய கையைக் கீழே இறக்கவில்லை. இறக்கத் தோன்றவில்லை. பார்த்தால் கையைத் தூக்குங்கள் என்று அவரே சொன்னபடி, தூக்கிய கையோடு அப்படியே நின்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. ஒவ்வொரு நிரையாகப் பெண்கள் நின்றார்கள். சுகந்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அட்டையினால் அல்ல. எல்லாரும் சத்தமில்லாமல் பின்வாங்கினோம். பழைய புதரிலிருந்து அந்த மரம் அறுபது அடிகூட இருக்காது.

டூர் கம்பெனிக்காரர் பத்தே முக்காலுக்கு வந்தார். முப்பதடி தள்ளி நின்று, தொலைநோக்கியில் கால் மணி நேரம் பார்த்தார். பிறகு வழித்துக் கிடந்த பாதையைப் பார்த்தார். "இங்கேயும் இப்படி வெட்டுவீங்களா?"

"இல்லீங்க மாத்தியா," என்றார் பாக்கியம் அக்கா. "இனிமே கத்தி இந்தப் பக்கம் வராதுங்க."

மார்ச்சில் மூன்று குழு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் சுகந்தி போனில் யாரிடமோ இந்த மாதம் மெடிக்கலுக்கு வரவில்லை என்று சொல்வது என் அறைக்குக் கேட்டது. இந்த மாதம் என்றுதான் சொன்னாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஓர் ஆளுக்கு ஓர் இரவு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு 6,500 ரூபாய். சுகந்தியோடு காட்டுக்குள் நடக்க 1,500. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. குறைவு என்றுதான் சொன்னேன், குடை வேண்டும். அட்டைக்காக முழங்கால் வரை போடும் மேசை, அதாவது காலுறையை, மட்டும் நம்பி என்னைப் போல அசட்டுத் துணிச்சலில் போகாமல், மேசுக்கு வெளியே சவர்க்காரமும் தேய்த்துக்கொள்ளுங்கள். போன் சிக்னல் வாசற்படியின் இடது மூலையில் மட்டும் கிடைக்கும். தெரணியகலையிலிருந்து கடைசி பஸ்ஸை நம்பாமல் மூன்று மணிக்குள் டவுனுக்கு இறங்கிவிடுங்கள். தவளைவாயனைப் பார்க்கும்போது பிளாஷ் போடாதீர்கள். போட்டால் பாக்கியம் அக்கா இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. நீங்கள் போகும்போது பாதையெல்லாம் புதர் மண்டிக் கிடந்தால், பராமரிப்புச் சரியில்லை என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை பாக்கியம் அக்காவும் சுகந்தியும் என்னை வழியனுப்ப த்ரீவீலர் வரை வந்தார்கள். பேசிக்கொண்டே வந்த பாக்கியம் அக்கா, பாதையோரம் புதிதாகத் தலைகாட்டியிருந்த ஒரு புல்லைத் தன்னையறியாமல் குனிந்து பிடுங்கிவிட்டார். சுகந்தி, "அக்கா…" என்றாள். அவர் கையிலிருந்த புல்லைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, விரலால் மண்ணைத் தோண்டி அதை அங்கேயே நட்டு, சுற்றி அழுத்திவிட்டு, சுகந்தியைக் காட்டினார்.

"இவ இங்க இருக்கணும்னா, இதுவும் இங்கயே இருந்துட்டு போவட்டும்," என்றார்.