ஒரு மாதம் பிந்தி விழுந்த கோல்கள்

கிளாக்கர் வேலை என்றால் பேனா பிடிப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். துரையின் முகம் பார்த்து நடப்பதுதான் வேலை, பேனா பிடிப்பதெல்லாம் மிச்ச நேரத்தில் என்பது கதிரையில் உட்கார்ந்து தேய்ந்த நம் இனத்துக்குத்தான் தெரியும். உங்கள் துரைக்குக் கோபம் வரக் குதிரைப் பந்தயமோ, வயிற்றுக் கோளாறோ, வீட்டிலிருக்கும் துரைசாணியோ காரணமாக இருந்திருக்கலாம். எங்கள் துரைக்குக் கால்பந்து. அதுவும் கண்டியில் ஆடுகிற பந்து என்றால் போய்ப் பார்த்தாவது தொலைக்கலாம். இது ஜெர்மனியில், பவேரியா என்ற பக்கத்தில் ஆடிய பந்து.

துரையின் பெயர் வெபர். தேயிலை உலர்த்தும் மெஷின்களுக்கு உதிரிப்பாகம் இறக்கி விற்கும் ஒரு சின்னக் கம்பெனிக்குக் கண்டி ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கந்தோர் இருந்தது. அதற்கு அவர்தான் ராஜா. பிரஜைகள் மூன்று பேர்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரிய கிளாக்கர் செல்லையா ஐயா, கண்டியிலேயே பிறந்து வளர்ந்து ஸ்டோர் பார்த்த ஹனிபா நானா, சின்னக் கிளாக்கர் சவரிமுத்துவாகிய நான். மற்ற இருவரும் பெர்மனன்ட். நான் மட்டும் தொங்கலில் இருந்தேன். ஹேவாஹெட்டப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த மிக்கேல் ஐயா, வேலை நிரந்தரமானால் தன் மகள் ரோசலினை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆகாவிட்டால், மடுல்கெல்லவில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஒருவர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு தயாராக இருந்தார். இந்தக் கவலையோடுதான் நான் தினமும் கந்தோருக்குப் போய்வந்தேன் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

துரை பேசுவது இங்கிலீஷும் தோட்டத்துத் தமிழும் கலந்த ஒரு கூட்டு. அப்படியே எழுதினால் உங்களுக்கு விளங்காது என்பதால் கொஞ்சம் சீவிச் சிங்காரித்துத் தருகிறேன்.

ஒரு நாளைக்கு ஒன்று

துரையின் ஊர்ப் பேப்பர் கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலேறி, பேராதனையைத் தாண்டி எங்கள் கைக்கு வர ஒரு மாதம் பிடிக்கும். வரும்போது ஒரு வாரப் பேப்பர் மொத்தமும் ஒரே கட்டாக வரும். வேறு யாராக இருந்தாலும் கட்டைப் பிரித்ததும் கடைசிப் பேப்பருக்குப் பாய்வார்கள். வெபர் துரை அப்படி இல்லை. தேதிவாரியாக அடுக்கி, காலைத் தேத்தண்ணியோடு தினம் ஒன்றாக நான் கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்பதால் முடிவு திங்கட்கிழமைப் பேப்பரில் வரும். அந்தப் பேப்பரை இங்கேயும் ஒரு திங்கட்கிழமைதான் கொடுக்க வேண்டும். தன் கையில் இருந்தால் பொறுக்க முடியாதென்று கட்டையே என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஆக, அங்கே ஆட்டம் முடிந்து மைதானத்தில் புதுப் புல்லே முளைத்திருக்கும். இங்கே கண்டியில் ஒரு மனிதர் ஞாயிறு முழுக்க இருப்புக்கொள்ளாமல் குளத்தைச் சுற்றி நடப்பார். முடிந்துபோன ஆட்டத்துக்கு ஏன் இந்தப் பாடு என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். துரை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என் கண்ணில் படும்வரைக்கும் அது முடிந்த ஆட்டம் இல்லை, முத்து. இன்னும் நாங்கள் ஜெயிக்கலாம்."

வடக்கும் தெற்கும்

மழை பெய்து வியாபாரம் படுத்துப்போன ஒரு பிற்பகலில், துரைக்கு எங்களைப் படிப்பிக்கும் ஆசை வந்துவிட்டது. சாமான் பெட்டி மூடியைச் சுவரில் சாய்த்து வைத்து, வெண்கட்டியால் படம் போட்டார். ஜெர்மனியில் நாடு முழுவதற்கும் ஒரே லீக் என்பது கிடையாதாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு லீக். பவேரியா லீக்தான் அந்தப் பகுதிக்கு மேல்தட்டு. முதலில் ஒன்றாக இருந்ததைப் பிறகு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்தார்களாம். மேலே வந்தவர்கள் பக்கத்துப் பகுதிக்காரர்களோடு மோதி, அதிலும் தேறினால் நாட்டுப் பட்டத்துக்குப் போவார்கள். அடியில் கிடப்பவர்கள் கீழ் லீக்குக்கு இறங்குவார்கள்.

துரையின் அணி ஒரு சின்ன ஊர் அணி. பெயரைச் சொன்னாலும் நம் வாயில் நுழையாது. பட்டம் கிட்டம் என்ற ஆசையே அதற்கு இல்லை. வருஷா வருஷம் இறங்குகிறவர்களின் தலைக்கு ஒரு சாண் மேலே மூக்கை நீட்டி மூச்சு விட்டுக்கொண்டிருப்பதே அதன் சாதனை. படம் முடிந்து துரை உள்ளே போனதும் செல்லையா ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைவிட எங்கட ஊர்க் காணி வழக்கு சுகம், தம்பி. அதில ஆர் அப்பீலுக்குப் போறதெண்டாவது தெரியும்."

ஐந்துக்கு ஒன்று

கட்டு என் கையில் இருக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க நாங்கள் என்ன முனிவர்களா? அணி ஜெயித்த திங்களில் துரையிடம் லீவு கேட்டால் இரண்டு நாள் சேர்த்தே தருவார். தோற்ற திங்களில் குட்மோர்னிங் சொன்னாலே குற்றம். ஆகவே முன்கூட்டியே தெரிந்துகொள்வது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. எங்களில் யாருக்கும் ஜெர்மன் தெரியாது. ஆனால் ஐந்து எந்தப் பாஷையிலும் ஐந்துதானே!

ஸ்டோரில் கூரை ஒழுகி, ஒரு பெட்டி மெஷின் பெல்ட் நனைந்து ஊறிப்போயிருந்தது. அதைத் துரையிடம் சொல்ல ஹனிபா நானா நல்ல நாள் தேடிக்கொண்டிருந்தார். செல்லையா ஐயா வரப்போகும் திங்கட்கிழமைப் பேப்பரைப் பிரித்து, துரையின் அணிப் பெயரையும் பக்கத்தில் 5:1 என்றிருந்ததையும் கண்டுபிடித்து, திங்கள் பகல் பத்து மணிக்குப் போனால் தேன் ஒழுகும் என்று நேரமே குறித்துக் கொடுத்தார். சொந்த மைதானத்தில் ஆடுகிற அணியின் பெயரைத்தான் முதலில் போடுவார்கள், கோலும் அந்த வரிசைப்படிதான் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. எங்கள் அணியின் பெயர் இரண்டாவதாக இருந்தது. நானா உள்ளே போனது தெரியும். பிறகு கேட்ட சத்தத்தில் தெருவில் நின்ற வண்டி மாடு மிரண்டது. வெளியே வந்தவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெரிய கிளாக்கரின் மேசை முன்னால் நின்றார்.

"யா அல்லாஹ்! அஞ்சு ஆருக்கு, ஒண்டு ஆருக்குன்னு பாக்காமயா என்ன உள்ளுக்கு அனுப்பினீங்க?"

ஹேவாஹெட்டயிலிருந்து ஒரு வாழ்த்து

மாப்பிள்ளையின் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று நேரில் பார்த்துப் போக மிக்கேல் ஐயா ஒரு வெள்ளிக்கிழமை கோட்டும் தலைப்பாகையுமாக வந்து இறங்கினார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். துரையைப் பார்த்து இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்பது அவர் எண்ணம். என்ன பேசுவது என்று ஹனிபா நானாவிடம் கேட்டிருக்கிறார். நானாவுக்கு என் மேல் உண்மையிலேயே பிரியம். அந்த வாரக் கட்டில் அணி வெளியூர் போய் ஜெயித்திருந்தது. இப்போது பெயர் வரிசையெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. "அணி ஜெயிச்சதுக்குச் சந்தோசம் சொல்லுங்க, துரை குளிர்ந்திடுவார்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். அந்தப் பேப்பர் துரையின் மேசைக்கு வருவது திங்கட்கிழமைதான் என்பதை மட்டும் மறந்துபோனார்.

மிக்கேல் ஐயா பழத்தை மேசையில் வைத்து, "தொரைகளே, ஞாயித்துக்கெழம ஒங்க ஆளுங்க செயிச்சிட்டாங்களாமே, ரொம்ப சந்தோசமுங்க" என்று பல் தெரியச் சிரித்தார். துரை இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். காலம் கடந்துவிட்டது. பாவம், மிக்கேல் ஐயா தான் செய்த பிழை என்னவென்று தெரியாமலே ஹேவாஹெட்டக்கு வண்டி ஏறினார். துரை என்னைக் கூப்பிட்டபோது கண்ணில் நீர் நிற்காத குறை.

"வெளியூரில் நாங்கள் ஜெயிப்பதே அபூர்வம், முத்து. அதை இந்த மனிதர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கொண்டுவந்து கொட்டிவிட்டார்!"

மரமுகம்

அன்றோடு கட்டு அலுமாரிக்குள் போனது. அலுமாரியைப் பூட்டும் திறப்பு என்னிடம். அடுக்குவதற்காக நான் ஒருவன் பார்க்கலாம். ஒரு வார்த்தை வெளியே போனால் வேலையும் வெளியே போகும். அந்தச் சூட்டோடு சூடாக என் நிரந்தரம் பற்றியும் கேட்டுவைத்தேன். அணி எந்த வருஷம் நெஞ்சிடி இல்லாமல் லீக்கில் தங்குகிறதோ, அந்த வருஷம் நானும் கம்பெனியில் தங்கலாம் என்றார் துரை. விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஜெர்மன்காரர்கள் விளையாட்டைப் பற்றி விளையாட்டாகப் பேசமாட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து முகம் தெரியாத பதினொரு பேருடைய கால்களுக்காகக் கோயிலில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

மற்ற இருவரும் சும்மா இருக்கவில்லை. பேப்பரைப் படிக்க முடியாதபோது என் முகத்தைப் படிக்கத் தொடங்கினார்கள். நானும் முகத்தை மரப்பலகை மாதிரி வைத்துக்கொள்ளக் கண்ணாடி முன்னால் பழகினேன். ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு திங்கட்கிழமை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டே செல்லையா ஐயா லீவு எழுதிக்கொடுத்தார். லீவும் கிடைத்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.

"நீர் வாய் திறக்க வேண்டாம், தம்பி. தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி போடுறீர் எண்டதிலயே எனக்கு எல்லாம் விளங்கும்."

பெயர் இல்லாத பட்டியல்

கடைசியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் முடிந்த ஆட்டப் பருவத்தில் அந்தோனியார் கண் திறந்தார். அணி நடுவில், ஒரு பயமும் இல்லாத இடத்தில் போய் நின்றது. துரை கந்தோர் முழுவதற்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். அடுத்த பருவத்துப் பட்டியலில் பெயரைப் பார்த்த கையோடு என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். மிக்கேல் ஐயா டிஸ்பென்சர் வீட்டுக்கு ஆள் அனுப்பி இல்லை என்று சொல்லிவிட்டார். ரோசலினுக்குச் சேலை எடுக்கவும் கண்டிக்கு வந்துபோனார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை புதுக் கட்டைப் பிரித்தேன். வியாழக்கிழமைப் பேப்பரில் பட்டியல் இருந்தது. வடக்கு இல்லை, தெற்கு இல்லை, ஒரே பட்டியல். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தேன். துரையின் அணி இல்லை. அங்கே ஆட்சி மாறியிருந்தது. புதிதாக வந்தவர்கள் பழைய லீக்குகளையெல்லாம் கலைத்துப் புது லீக்குகள் அமைத்துவிட்டார்கள். பெரிய அணிகளுக்கு இடம் கிடைத்தது. சின்ன ஊர்க்காரர்களைக் கீழே தள்ளிவிட்டார்கள். இந்த விவரம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், அணி போய்விட்டது, அதோடு என் வேலையும் ரோசலினும் போகப்போகிறார்கள் என்பதுதான். செல்லையா ஐயா என் முகத்தையும் கையில் விரிந்திருந்த பேப்பரையும் பார்த்ததும் விஷயத்தை மோப்பம் பிடித்து, வியாழனுக்கு முன்னால், துரை சிரித்துக்கொண்டிருக்கும்போதே கையெழுத்தை வாங்கிவிடு என்று காதோடு சொன்னார். புத்தியுள்ள யோசனை. விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியும் திங்கட்கிழமைப் பேப்பருமாக உள்ளே போனேன்.

துரை சீட்டியடித்துக்கொண்டிருந்தார். கை பைக்குள் போனது. வெளியே வரமாட்டேன் என்றது. துரை சீட்டியை நிறுத்தி, "செல்லையா மட்டும்தான் உன் முகத்தைப் படிக்கிறான் என்று நினைத்தாயா? எந்தக் கிழமைப் பேப்பர்?" என்றார். வியாழன் என்றேன். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாகக் கிழமை பார்க்காமல் அதைக் கொண்டுவரச் சொன்னார். படித்தார். ஜன்னல் வழியாக ரயில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. தோற்று இறங்கியிருந்தால் அடுத்த வருஷம் ஆடி ஏறியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கலியாணம்கூட அந்தக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. பிறகு அவர் என் சட்டைப்பையைப் பார்த்துக் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று விளங்கி, விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். மேசையில் வைத்து நீவிவிட்டு, பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

"ஆடித் தோற்காதவனை வெளியே தள்ளுகிற வேலையை அவர்கள் செய்யட்டும், முத்து. என் கந்தோரில் அது நடக்காது."

ஆகவே, பவேரியாவில் ஒரு லீக் செத்த வருஷத்தில்தான் எனக்குக் கலியாணம் நடந்தது, என் மாமனாரோ அதெல்லாம் தான் கொண்டுபோய்க் கொடுத்த வாழைப்பழத்தின் மகிமை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.