வாசலில் போட்ட முகம்

செவிலிமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் பத்து நாள் தொடர்ந்து, விடிவதற்குள் அரிசி மாவால் புத்தர் முகம் வரைந்தேன். எதுவும் நிலைக்காது என்று அவர் சொன்னதை வேறெப்படிக் காட்டுவது? பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அதை மிதிக்க வேண்டும், மிச்சத்தை எறும்பு தின்ன வேண்டும். அழிவதுதான் என் ஓவியம்.

ஒருவரும் மிதிக்கவில்லை. சாக்கடை ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். யாரோ நெற்றியில் செம்பருத்தி வேறு வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

பத்தாம் நாள் பால்காரரை மறித்து, "மிதிச்சிக்கினு போங்கண்ணா, அதுக்குத்தான் போட்டேன்" என்றேன்.

"சாமி மூஞ்சி மேல எப்டிமா கால வெக்கறது? நீ மிதி, பாக்கலாம்."

மிதிக்கத்தான் போகிறேன், ஆனாலும் செருப்பைக் கழற்றினேன். தூக்கிய கால் இறங்கவில்லை.

"பாத்தியா, உனக்கே மனசு வரல" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் அதைப் பக்தி என்று நினைத்தார். அன்றைக்குத்தான் இடது கண் நான் நினைத்தபடி வந்திருந்தது. அதை அழிக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.