கொதிக்கும் சாயத்தில் போட்ட தோல்

பழைய பந்தயக் கார் ஒன்றின் சீட்டை என் பேரன் ஈரத்துணியால் துடைத்தான். நனைந்த தோலின் வாசனை எழுந்ததும் அப்பாவின் சாயப்பட்டறை நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவதில் என் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் ஒரு ஜவுளிக்கடை முதலாளி தன் சீமைக் காரின் வெளுத்த சீட்டுத் தோலைக் கழற்றிக் கொண்டுவந்தார். தையலுக்குள் மடிந்திருந்த ஓரத்தில் மட்டும் பழைய அரக்கு நிறம் மிச்சமிருந்தது. அதே நிறம் வேண்டும் என்றார்.

மறுநாள் அப்பா வெளியே போயிருந்தபோது, உதவி செய்வதாக எண்ணி, பட்டு நூலை முக்குவது போலவே அந்தத் தோலையும் கொதிக்கும் சாயத்தில் முக்கினேன். அது அப்பளம் போலச் சுருண்டு இறுகிவிட்டது. வாசலில் கார் சத்தம் கேட்டது. காயப்போட்ட நூலுக்குப் பின்னால் ஒளிந்தேன். முதலாளியும் அப்பாவும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள்.

"இன்னாய்யா இது? சீமைத் தோலுய்யா! யாரு இதைக் கொதிக்க வச்சது?"

தொங்கும் நூலுக்குக் கீழே தெரிந்த என் கால்களை அப்பா பார்த்துவிட்டார்.

"நான்தாங்க. பட்டு மாதிரின்னு நெனைச்சுட்டேன்" என்றார் அப்பா.

"தொழில் தெரியாதவன்கிட்ட குடுத்தேனே!"

யாருக்கும் குனியாத அப்பா தலைகுனிந்து நின்றார். கார் போனதும் என்னை வெளியே இழுத்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுட்டுக்கினியாமா?"

முதலாளியிடம் உண்மையைச் சொல்ல எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை. இன்றுதான் பேரனிடம் வாய் திறந்தேன்.

"வுடு ஆயா, நீ அப்போ கொழந்தை" என்றான்.

"அது கெடக்குதுப்பா. எங்கப்பாரு தொழில் தெரிஞ்சவரு."