தடை வலயத்தில் ஏழு தீவுப் பன்றிகள்

"உங்கள் கணவர் இப்போதும் அந்த இறைச்சித் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாரா?" என்று எங்கள் மிருகக்காட்சிச்சாலையின் தலைவி கேட்டார். நான் கையில் வைத்திருந்த ரப்பர் சப்பாத்துகளைக் கீழே வைத்தேன். பதில் அவருக்குத் தெரியும். கோடை விழாவில் என் கணவரோடு அரை மணிநேரம் பேசியவர் அவர்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஜெர்மனில் சொன்னேன்.

பக்கத்து மாவட்டத்துப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்ட வாரம் அது. மனிதரை அந்த நோய் ஒன்றும் செய்யாது. ஆனால் மனிதர்தான் அதைச் சுமந்து திரிவார்கள். சப்பாத்தின் அடியில், உடுப்பில், பாணுக்குள் வைத்துச் சாப்பிடும் சொசேஜில் கூட அது வரும். ஒரு பண்ணையில் வந்துவிட்டால் அங்குள்ள எல்லாப் பன்றிகளையும் கொல்லுவார்கள். சில வேளைகளில் பக்கத்துப் பண்ணைகளையும் விடமாட்டார்கள். காலைச் செய்தியில் நோய் கண்ட இடங்களைச் சுற்றிப் போட்ட தடை வலயத்தின் ஊர்ப் பெயர்களை வாசிக்கும்போது எங்கள் ஊரின் பெயர் வருகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்பேன்.

எங்களிடம் இருந்தவை பண்ணைப் பன்றிகள் அல்ல. பிலிப்பைன்ஸின் விசாயத் தீவுகளில் மட்டும் வாழும் காட்டுப் பன்றிகள். உருவத்தில் சிறியவை, மூக்கின் குறுக்கே வெள்ளைப் பட்டை இருக்கும். ஆணின் முகத்தில் மருக்கள் புடைத்திருக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் அதன் பிடரி மயிர் வளர்ந்து கண்ணை மறைத்து விழும். அந்தத் தீவுகளில் காடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. மிஞ்சிய துண்டுகளிலும் வேட்டை நடக்கிறது. தப்பியவை ஊர்ப் பன்றிகளோடு கலந்து தங்கள் இனத்தை இழக்கின்றன. அதனால்தான் ஐரோப்பாவில் சில மிருகக்காட்சிச்சாலைகள் இவற்றை வளர்த்தன. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதை வேறொரு நாட்டில் இருந்த ஓர் ஒருங்கிணைப்பாளர் முடிவு செய்வார். எங்களிடம் இருந்தவை ஏழு. அந்த ஏழும் எங்களுக்குச் சொந்தமும் அல்ல. பிலிப்பைன்ஸ் அரசு நம்பித் தந்தவை.

அவற்றைப் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள் இரண்டு பேர். மற்றவர் ஓய்வுக்குக் கிட்ட வந்த ஜெர்மன்காரர். வீட்டு முற்றத்தில் மாரிகாலத்து இறைச்சிக்காக இரண்டு பன்றிகள் வளர்த்தார். காய்ச்சல் செய்தி வந்த அன்றே, "நான் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது" என்று சொல்லி, பன்றிப் பகுதியின் திறப்பைத் தன் சாவிக்கொத்திலிருந்து கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் பறவைகள் பகுதிக்குப் போய்விட்டார். மிஞ்சியது நான். என் கணவரோ தினமும் நூற்றுக்கணக்கான பன்றிகளின் இரத்தத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வருபவர்.

"ஒன்றில் நீங்களும் பறவைகளுக்குப் போங்கள். இல்லையென்றால் இது முடியும்வரை நீங்களும் அவரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது" என்றார் தலைவி. "நான் வற்புறுத்த முடியாது. ஆனால் நீங்கள் போனால் பன்றிகளோடு பழகாத குரங்குப் பகுதிப் பையனைத்தான் உள்ளே விடவேண்டும். பெரிய பெண் பன்றிக்குக் குட்டி போடும் நாள் கிட்டுகிறது."

அன்று பின்னேரம் வீட்டில் என் கணவர் பிள்ளையின் பாடசாலைச் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அயர்னை நிமிர்த்தி வைத்தார்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்."

"என்னத்தை யோசிக்கிறது? பண்டிக்காக மனிசனை வீட்டை விட்டு அனுப்பிறதோ? ஆக்கள் கேட்டா என்னெண்டு சொல்லுறது?"

ஆட்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தமிழ்ப் பாடசாலை வாசலில் ஒரு அக்கா, "அவுஸ்பில்டுங் செய்து தொழில் படிச்சும் பண்டி மேய்க்கிற வேலைதானோ கிடைச்சது?" என்று சிரித்திருந்தார். அது என் கணவருக்கும் தெரியும். என் வேலையைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

"நான் விட்டால் அதுகளைப் பாக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை" என்றேன்.

அவர் சட்டையை மடித்தார். திரும்பவும் விரித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசத் தொடங்கினார்.

"எங்கடை தொழிற்சாலையிலை கொஞ்சப் பேரைப் பண்ணையளுக்கு அனுப்பினவை. நானும் போனனான். உமக்குச் சொல்லேல்லை."

"எதுக்கு?"

"கொல்லத்தான். அவையளுக்குக் கைப்பழக்கம் உள்ள ஆக்கள் காணாது. ஒரு பண்ணையிலை ஒண்டுக்கும் காய்ச்சல் இல்லை. பக்கத்துப் பண்ணையிலை வந்ததாலை எல்லாத்தையும்... குட்டியளையும். அந்த விவசாயி வீட்டுக்குள்ளை ரேடியோவைப் பெரிசாப் போட்டிட்டு இருந்தவர்."

அயர்ன் சூட்டில் மேசைத் துணி மணத்தது. கொஞ்ச நேரத்தால் அறைக்குள் போய்ப் பையில் உடுப்புகளை அடுக்கினார். தொழிற்சாலைக்குக் கிட்ட, போலந்துத் தொழிலாளர்களுக்கான விடுதியில் ஒரு கட்டில் இருந்ததாம்.

"பிள்ளையோடை நீர் இரும். நான் போறன்" என்றார். கோபமா, விட்டுக்கொடுப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்து வந்த நாட்களில் எங்கள் வாழ்க்கை கிருமிநாசினி மணத்துக்குள் சுருங்கியது. பன்றிப் பகுதியின் வாசலில் மருந்தில் நனைத்த வைக்கோல் விரிப்பு போட்டோம். உள்ளே போகுமுன் குளிப்பேன்; வெளியே வந்தும் குளிப்பேன். வழமையாகக் காட்டில் பொறுக்கிக்கொண்டுவந்து போடும் ஓக் விதைகளும் இலைக் கிளைகளும் நின்றுபோயின. அங்கே திரியும் ஜெர்மன் காட்டுப் பன்றிகள் நோயைக் காவியிருக்கக்கூடும். மூக்கால் கிண்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் என் பன்றிகள் சுவரோரத்துக் கல்லைப் பெயர்க்கத் தொடங்கின. ஆண் பன்றி காரணமின்றிப் பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு வேலியோரம் அங்குமிங்கும் நடந்தது.

என் கணவர் சனிக்கிழமைகளில் ட்ராம் தரிப்பிடத்துக்கு எதிர்ப்பக்கம் வந்து நிற்பார். பிள்ளை இந்தப் பக்கம் நின்று கையசைப்பாள். தெருவைக் கடக்கவேண்டாம் என்று தொலைபேசியில் அவளுக்கு அவரே சொல்லியிருந்தார்.

ஒரு நாள் காலை பெரிய பெண் பன்றி எழும்பவில்லை. மற்றவை தொட்டிக்கு ஓடிவர, அது மூலையில் வைக்கோலுக்குள் படுத்தபடியே இருந்தது. குனிந்து காதைத் தொட்டேன், கொதித்தது. காதின் உட்பக்கம் சிவந்திருந்தது. வெளியே போகாமலே தலைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அரசாங்க மிருக வைத்தியர் வெள்ளை மேலங்கியும் முகமூடியுமாக வந்தார். இரத்தம் எடுத்தார். எல்லாப் பன்றிகளிலும் எடுத்தார்.

"இது அதுவா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆய்வுகூடம் சொல்லவேண்டும்."

"அதுதான் என்றால்?"

"அழிந்துபோகும் இனங்களுக்கு விதிவிலக்குக் கேட்கலாம். கேட்கவும் செய்வேன். ஆனால் நோய் உள்ளேயே இருந்தால்..." அவர் குழாய்களைப் பெட்டிக்குள் அடுக்கினார். "நம்பிக்கையை வளர்த்துக்கொள்ளாதீர்கள்."

"யார் வந்து செய்வார்கள்?"

"பண்ணைகளுக்குப் போகும் அதே ஆட்கள்தான்."

அவர் போன பிறகு நான் தீன் அறையில் நின்று கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இடைவேளை நேரம். பின்னால் ஆட்கள் சத்தமாகப் பேசுவது கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, உங்களைக் கேட்டா நீங்கள் வருவியளோ?"

பின்னால் இருந்த சத்தம் குறைந்தது. அவர் வெளியே நடந்திருக்கவேண்டும்.

"ஏலாது எண்டு சொல்லலாம்" என்றார். "சொன்னா வேறை ஆராவது வருவான். பழகாதவன் வந்து பிழையாப் பிடிச்சா அதுகள் கன நேரம் துடிக்கும். நான் வந்தா அப்பிடி நடக்காது."

"வருவியள் எண்டுறியள்."

"நான் வாறதுதான் அதுகளுக்கு நல்லது."

தொலைபேசியை வைத்துவிட்டேன். அவர் சொன்னது சரியென்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அன்று முழுவதும் அவர் திரும்பத் திரும்ப எடுத்தார். நான் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பிள்ளைக்கு எடுத்தபோது அவளிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன்.

ஆய்வுகூட முடிவு வருவதற்குள் பெரிய பெண் பன்றிக்குப் பிரசவ நோவு தொடங்கிவிட்டது. காய்ச்சலோடு கூடு கட்டவும் முயன்றாள். வாயில் வைக்கோலை அள்ளுவாள், இரண்டு அடி நடப்பாள், விழுவாள். மற்றவற்றைப் பக்கத்துக் கொட்டிலுக்குள் அடைத்துவிட்டு, அவள் தவறவிட்ட வைக்கோலை நீளத் தடியால் மூலைக்குத் தள்ளிக்கொடுத்தேன். கிட்டப் போனால் பல்லைக் காட்டினாள். மத்தியானம் தாண்டி மூன்று குட்டிகள் வந்தன. முதுகில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள். முதலாவது அசையவே இல்லை. மற்ற இரண்டும் தாயின் வயிற்றைத் தேடி முட்டின. பிறந்ததற்குச் சந்தோஷப்படுவதா, நாளைக்கே கொல்லக் கொடுப்பதற்கா பிறந்தன என்று அழுவதா என்று தெரியாமல் தடியைப் பிடித்தபடி நின்றேன்.

தலைவி விரிப்புக்கு வெளியே வந்து நின்றது அப்போதுதான். ஓடி வந்தவர்போல மூச்சு வாங்கியது.

"அது இல்லை" என்றார். "பன்றிக் காய்ச்சல் இல்லை. வேறு கிருமி. ஊசி போடலாம்."

நான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அவர் உள்ளே வரமுடியாது. நான் குளித்து உடுப்பு மாற்றாமல் வெளியே போகமுடியாது. இரண்டு பேரும் விரிப்புக்கு இரண்டு பக்கமும் இருந்து அழுதோம்.

ஊசிகள் வேலை செய்தன. ஆனால் தாய்க்குப் பால் வற்றிப்போனதில் இன்னொரு குட்டியும் இறந்தது. மிஞ்சிய ஒன்று பெண். போத்தல் பாலிலும் தாயின் பக்கத்திலுமாக அது தேறியது. சில வாரங்களில் மாவட்டத்தில் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. என் கணவர் பையோடு வீட்டுக்கு வந்தார். அந்தத் தொலைபேசிப் பேச்சைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, "அதுகளைப் பாக்கலாமோ?" என்று கேட்டார். அதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை.

வேலியடியில் பிள்ளையோடு நின்று கன நேரம் பார்த்தார். கோடுபோட்ட குட்டி தாயின் பின்னால் மண்ணைக் கிண்டிக்கொண்டு போனது.

"அந்தத் தீவுகளிலை இதுகளை ஆர் சுடுகினம்?"

"மலையடியிலை தோட்டம் செய்யிற ஆக்கள். காடு இல்லாமப் போக இதுகள் இறங்கி வந்து கிழங்குத் தோட்டத்தைக் கிண்டிப் போடும். அவையளுக்கு வேறை வருமானம் இல்லை."

"அப்ப அவையளும் என்ன செய்யிறது?"

"முந்திச் சுட்ட ஆக்களிலை கொஞ்சப் பேரைக் காட்டுக் காவலுக்கு எடுத்திருக்கினமாம். சம்பளம் குடுத்து."

அவர் என் பக்கம் திரும்பினார். "சம்பளம் ஒழுங்கா வருதோ?"

"தெரியாது."

"கேட்டுப் பாரும்" என்றார். "அது வராட்டி அவன் திரும்பவும் சுடத்தான் செய்வான். நானும் சுடுவன்."

அடுத்த வருடம் ஒருங்கிணைப்பாளர் எங்கள் பன்றிகளைப் பார்க்க வந்தபோது அந்தக் காவலர்களின் சம்பளத்தைத்தான் நான் முதலில் கேட்டேன். வளர்ப்பைப் பற்றிய கேள்விகளை எதிர்பார்த்திருந்தவர் போலும், கொஞ்சம் திகைத்தார். பிறகு, சில மாதங்கள் வருகிறது, சில மாதங்கள் வருவதில்லை என்று உண்மையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அப்ப வராத மாசத்திலை சுடுவாங்கள்" என்றுவிட்டு, அவர் கையைக் கழுவப் போனார்.