தும்பிக்கை இல்லாத 'லை'

கிரெடிட் கார்டு மோசடி வழக்கில் வாதாடும் வக்கீலுக்கு அரசுத் தரப்பை விடப் பெரிய தலைவலி, "பேசாமல் ஒப்புக்கொண்டு போய்விடலாமே" என்று காதில் ஓதும் நல்ல மனிதர்கள்தான். பினாங்கு வெயிலில் கறுப்புக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் சக வக்கீல்களே, உங்கள் காதும் இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும். எண்பதுகளின் பின்பாதியில், பிஷப் ஸ்திரீட்டின் ஒரு மாடியறையில் நான் கடை விரித்திருந்த காலத்துக் கதை இது.

மலிவு விலையில் குற்றம்

அண்ணாமலை அண்ணன் துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தா. ஓய்வு பெற இரண்டே வருடம் பாக்கி. ஒரு வெள்ளிக்கிழமை ஃபெரியில் பர்ஸைத் தவறவிட்டார். திங்கட்கிழமை பேங்கில் போய்ப் புகார் கொடுத்தார். இடையில் சனிக்கிழமை யாரோ அவருடைய கார்டைக் காட்டி, பட்டர்வொர்த் கடை ஒன்றில் பெரிய டிவி வாங்கியிருக்கிறார்கள். ரசீதில் 'அண்ணாமலை' என்று தமிழில் கையெழுத்து. தமிழில் வேறு யார் போடப்போகிறார், இவரே வாங்கிவிட்டுத் தொலைந்ததாக நாடகம் ஆடுகிறார் என்று பேங்க் போலீசுக்குப் போய்விட்டது. குற்றம் நிரூபணமானால் வேலை போகும், பென்ஷனும் போகும்.

அரசுத் தரப்பில் வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர், குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஜெயில் கேட்கமாட்டேன், சின்ன அபராதத்தோடு முடித்துவிடலாம் என்றார். நானும், வெட்கத்தோடு சொல்கிறேன், அதை அப்படியே அண்ணனிடம் எடுத்துச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "செய்யாதத செஞ்சேன்னு கோர்ட்டுல சொன்னா, அதுதான் லாயரம்மா மோசடி."

மீசை சாட்சி

டிவி விற்ற கடைப்பையன் ஒரு சீனர். கார்டு கொண்டுவந்தவர் இந்த ஆள்தான் என்று கோர்ட்டில் அண்ணனைக் கை காட்டினார். எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். இந்தியர், மீசை வைத்திருந்தார் என்றார். அன்று அந்த அறையில் மீசை வைத்த இந்தியர்கள் ஆறு பேர் இருந்தார்கள், வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டரையும் சேர்த்து.

வேறு ஏதாவது நினைவிருக்கிறதா, உயரம், கண்ணாடி, குரல் என்று துருவித் துருவிக் கேட்டேன். பையன் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார். மலாயில் மீசைக்கு மிசாய்தான் என்பதால் பாதிப் பதிலுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "மிசாய் அடா, துவான். மிசாய் சஜா." மீசை உண்டு ஐயா, மீசை மட்டும்தான்.

படித்தவர்கள் கோட்டை விட்டது

பேங்க் விண்ணப்பத்தில் அண்ணன் போட்ட கையெழுத்தையும் கடை ரசீதையும் கோர்ட் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டிலும் உள்ளது 'அண்ணாமலை' என்ற ஒரே பெயர் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளைத்தான் அரசுத் தரப்பு பெரிய சாட்சியமாகத் தூக்கிப் பிடித்தது. நானும் இரண்டையும் வாசித்தேன். எனக்கும் அண்ணாமலை, அண்ணாமலை என்றுதான் கேட்டது.

கடைசியில் ரசீதின் நகலை அண்ணன் முன்னாலேயே வைத்தேன். பார்த்ததும் அசிங்கத்தைத் தொட்டவர் போலத் தள்ளிவிட்டார். பள்ளிக்கூடங்களில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பழைய முறையில் 'லை' எழுதினால் ல-வோடு ஒட்டி யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு வரும். 'ணா'வுக்கும் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து சுருண்டுகொள்ளும். இதை அச்சிடுகிறவரிடம் அந்தப் பழைய எழுத்துகள் இல்லை, நீங்களே கையால் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் இருந்தது பழைய எழுத்து. ரசீதில் இருந்தது புதுசு. கார்டின் பின்னால் இருந்த தமிழ்க் கையெழுத்தைப் பெயராக மட்டும் வாசித்துவிட்டு, யாரோ தனக்குத் தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறான். இத்தனை நாள் இதைக் கவனிக்காத என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. அண்ணன் ரசீதை விரலால் தட்டினார். "பேரு என்னோடதுதாம்மா. எழுத்து என்னோடது இல்ல. தும்பிக்கை எங்க?"

பேசாத மச்சான்

இன்ஸ்பெக்டர் சும்மா விடவில்லை. தப்பிப்பதற்காக வேண்டுமென்றே புது எழுத்தில் போட்டிருக்கலாமே என்று மடக்கினார். அதற்குப் பதில் வைத்திருந்தவர் அண்ணனின் மனைவியுடைய தம்பி. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இரண்டு வருடம் முன்பு தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரைப் புது எழுத்தில் அச்சடித்துவிட்டார். அண்ணன் அதை அடித்து, மேலே பழைய எழுத்தில் தன் பெயரை எழுதி, "என் பேர் இதுதான், இந்தப் பேர்க்காரன் கல்யாணத்துக்கு வரமாட்டான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். போகவும் இல்லை. அந்த அவமானம் ஆறாமல் மச்சான் பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருந்தார். அக்கா போய் அழுததால் அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார்.

கூண்டில் ஏறியவர் அண்ணன் இருந்த பக்கமே திரும்பவில்லை. சொந்தக்காரர் என்பதால் பொய் சொல்கிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மச்சானுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "இவருக்காக நான் ஏன் பொய் சொல்லணும்? ரெண்டு வருஷமா பேச்சே இல்லலா. ஜெயிலுக்குப் போனாலும் போவாரு, புது எழுத்து மட்டும் எழுதமாட்டாரு."

படிக்கத் தெரியாதவர் படித்தது

மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. விண்ணப்பம், பத்திரிகை, ரசீது மூன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு படம் பார்ப்பது போலப் பார்த்தார். வாசிக்கத் தெரிந்த எங்களுக்குப் பெயர் கேட்டது, வடிவம் தெரியவில்லை. அவருக்கு வடிவம் மட்டும்தான் தெரிந்தது. முதல் இரண்டு தாளையும் ஒரு பக்கம் நகர்த்தினார். மூன்றாவதைத் தனியாக வைத்தார். விடுதலை என்றார். அண்ணனின் மனைவி சத்தம் போட்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

ஜாமீனுக்காகப் பிடித்து வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்க ஒரு கையெழுத்து போட வேண்டியிருந்தது. மேசையில் இருந்த குமாஸ்தா நம்ம பெண்தான், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், "அண்ணே, இனிமே ரூமியிலேயே, இங்லீஷ் எழுத்துலயே போட்டுடுங்க, வம்பே இல்ல." அண்ணன் பேனாவை வாங்கினார். கொடுத்திருந்த கோட்டை மீறி, கட்டத்தை மீறி, தும்பிக்கையோடு பெரிசாகத் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இவ்வளவு மாசம் குற்றவாளி மாதிரி நின்னது இந்தக் கையெழுத்துக்காகத்தான் தங்கச்சி, இத எங்கிட்டேருந்து யாரும் வாங்க முடியாது."

அன்றிலிருந்து பிடிவாதக்காரக் கட்சிக்காரர் யார் வந்தாலும் நான் அவரைத் திருத்தப் பார்ப்பதில்லை, அந்தப் பிடிவாதம் எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.