அஞ்சலை அக்காவின் சுருள் முடி

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாப் பெண்களும் முதலில் சொல்லும் பொய், "சும்மா நுனி மட்டும் வெட்டினா போதும்" என்பதுதான். கத்தரிக்கோல் பிடித்தே கையும் முதுகும் நொந்துபோன சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளில் பிரிஞ்சாங் மலையூரில் ஒரு மளிகைக்கடை மாடியில் நான் சலூன் வைத்திருந்தபோது, அந்தப் பொய்யைச் சொல்லாமல் வந்து உட்கார்ந்தவர் அஞ்சலை அக்கா ஒருவர்தான்.

தலைத்துண்டு

அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். புற்றுநோய் வந்து, கோலாலம்பூரில் மருந்து ஏற்றி, வைத்தியமெல்லாம் முடிந்து வேலைக்கும் திரும்பிவிட்டார். மலையில் வெயிலுக்கும் தூறலுக்கும் எல்லாப் பெண்களும் தலையில் துண்டு கட்டுவார்கள். அதனால் தன் முடி கொட்டியது யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

துண்டை அவிழ்த்தார். முன்பு இடுப்பு வரை நேராகத் தொங்கிய முடி, இப்போது காதோரம் வரை குட்டிக் குட்டிச் சுருளாக முளைத்திருந்தது. எனக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. அவருக்கோ அழுகை வந்தது. திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் வீட்டிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

"பழையபடி நேராக்கிக் குடு தங்கச்சி. சீக்காளி வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சா வேணாம்னுட்டுப் போயிடுவாங்கலா."

டாக்டர் சொன்னது

நேராக்கும் மருந்தின் நெடியில் நல்ல தலைக்காரர்களுக்கே கண்ணில் நீர் கொட்டும். டாக்டரைக் கேட்காமல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வந்த வாடிக்கையைத் திருப்பி அனுப்புகிற வேதனை உங்களுக்கும் தெரியும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார்.

"இன்னும் கொஞ்ச மாசம் எந்த மருந்தும் தலையில படக்கூடாதாம். 'முடி மொளைச்சதுக்குச் சந்தோஷப்படாம சண்டைக்கு வர்றியேம்மா'ன்னு சிரிக்கிறாருலா!"

புருவம்

தலையை விட்டுவிட்டுப் புருவத்தையாவது சரிசெய்வோம் என்று பென்சிலை எடுத்தேன். ஆர்வக் கோளாறில் கொஞ்சம் பட்டையாகவே தீட்டிவிட்டேன். அக்கா தோட்டத்து லோரியின் பின்தட்டில் நின்றபடி வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் தூறலில் மை கரைந்து கண்ணைச் சுற்றி அப்பிவிட்டது. கதவைத் திறந்த அவர் புருஷன் கேட்டாராம்:

"யாருகூட சண்டை போட்டுட்டு வர்ற?"

சம்பந்தியம்மா

கடைசியில் அக்கா சுருள் முடியோடேதான் மாப்பிள்ளை வீட்டார் முன் நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை, கல்யாணம் பேசி முடிந்தது. ஆனால் மறைத்துவிட்டோமே என்று அக்கா மருகிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன் சம்பந்தியம்மாவும் அவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா நாற்காலியை நிரப்பி உட்கார்ந்து, "எனக்கும் இவங்க மாதிரியே முடியைச் சுருட்டி பெர்ம் பண்ணி விடு" என்றார்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தார். "இது பெர்ம் இல்ல சம்பந்தி. எனக்குப் புத்துநோய் வந்துச்சு. எல்லாம் கொட்டி, மறுபடி மொளைச்சது."

சம்பந்தியம்மா திரும்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க தோட்டத்து ஆளுங்க எங்ககிட்டதான் கோசு வாங்குறாங்க. பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாலயே எல்லாம் தெரியும். சீக்கு போயிடுச்சு, முடி வந்துடுச்சு, அப்புறம் என்னாலா? தங்கச்சி, நீ போடு!"

ரோலர் வைத்து அரை நாள் போராடியும், ஆஸ்பத்திரி மருந்து சும்மா போட்டுக்கொடுத்த அந்தச் சுருளை, காசு வாங்கிக்கொண்ட என்னால் சம்பந்தியம்மா தலையில் கொண்டுவர முடியவில்லை.